வேலி அடைக்கும் முன்: இங்கிலாந்தில் வீடு வைத்திருப்போருக்கு 18 குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்க்காத ஊர் இல்லை. கதியால் நடும்போது கயிறு ஒரு விரற்கடை தள்ளிப் போனதற்காக அண்ணன் தம்பிகள் வாழ்நாள் முழுவதும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கிளுவையும் பூவரசும் கிடுகும் விட்டு இங்கே வந்து, ஆறடிப் பேனலும் கான்கிரீட் தூணும் வைத்த தோட்டங்களில் குடியிருக்கிறோம். சண்டை மட்டும் கூடவே வந்துவிட்டது.

2022 பிப்ரவரி 18 அன்று அடித்த யூனிஸ் புயலில் எங்கள் பின்வளவு வேலியில் ஐந்து பேனல்கள் சரிந்தன. மறுநாள் காலை பக்கத்து வீட்டு முதிய அம்மா அவர் பக்கம், நான் என் பக்கம், நடுவில் உடைந்த பலகைகள். "இது உங்கள் வேலியா, என்னுடையதா?" என்று கேட்டார். பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இருவருக்கும் தெரியவில்லை. அன்று தேடத் தொடங்கி அறிந்துகொண்டவற்றையே இங்கே தருகிறேன். இவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்கள் தங்கள் கவுன்சிலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலி யாருடையது?

1. "இடது பக்க வேலி நமது" என்பதை நம்பாதீர்கள்.
வீட்டுக்கு முன் நின்று பார்த்தால் இடது கைப் பக்க வேலி நம்முடையது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். எங்களுக்கு விலை சொல்ல வந்த வேலி வேலைக்காரரும் அதையேதான் சொன்னார். அப்படி ஒரு சட்டம் இல்லை. வேலியின் நல்ல முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதும் வெறும் வழக்கம்தான். பத்திரம் என்ன சொல்கிறது என்பதே கணக்கு.

2. பழைய பத்திரத்தில் 'டி' குறியைத் தேடுங்கள்.
லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டினால் உங்கள் வீட்டின் பதிவேடும் வரைபடமும் இணையத்திலேயே கிடைக்கும். பக்கத்து வீட்டினுடையதையும் எடுக்கலாம். அது குற்றமோ ஒளிவு வேலையோ அல்ல. எல்லைக்கோட்டில் கால் ஊன்றியபடி ஆங்கில 'டி' எழுத்து ஒன்று இருந்தால், அது யார் நிலத்துக்குள் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பெரும்பாலும் வேலிப் பொறுப்பு. இரண்டு 'டி' காலோடு கால் சேர்ந்து 'எச்' போலத் தெரிந்தால் பொறுப்பு இருவருக்கும் பொது. குறி மட்டும் இருந்து பத்திர வாசகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் சட்டத்தில் அதற்கு வலு குறைவு. வாசகத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

3. வரைபடத்தை அடிக்கோலால் அளக்காதீர்கள்.
பெரும்பாலான சண்டைகள் தொடங்கும் இடம் இதுதான். நகர்ப்புற வரைபடங்கள் 1:1250 அளவில் வரையப்பட்டவை. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒன்றேகால் மீட்டர். அந்தச் சிவப்புக் கோட்டின் தடிப்பே ஒரு பூப்பாத்தியை விழுங்கிவிடும். லேண்ட் ரெஜிஸ்ட்ரி காட்டுவது பொதுவான எல்லையைத்தான். அங்குலக் கணக்கை அது சொல்வதில்லை. கோட்டைப் பெரிதாக்கி அச்சடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

4. பழைய வேலியைப் பிடுங்கும் முன் படம் எடுங்கள்.
பழைய தூண் நின்ற இடமே பல நேரம் எல்லைக்கு இருக்கும் ஒரே சாட்சி. பேனல்களைக் கழற்றினாலும் இரு முனைத் தூண்களையாவது விட்டுவையுங்கள். முனைக்கு முனை கயிறு கட்டி, வீட்டுச் சுவரிலிருந்து கயிறு எவ்வளவு தூரம் என்று அளவுநாடா வைத்தபடியே படம் எடுங்கள். அந்த நேரம் பக்கத்து வீட்டாரும் அருகில் நிற்கட்டும். பிறகு எவராலும் "கயிறு நகர்ந்தது" என்று சொல்ல முடியாது.

உயரமும் அனுமதியும்

5. இரண்டு மீட்டர், ஒரு மீட்டர்: இந்த இரண்டையும் மனதில் வையுங்கள்.
பின் தோட்டத்தில் 2 மீட்டர் வரை வேலியோ மதிலோ கேட்டோ போடக் கவுன்சில் அனுமதி தேவையில்லை. வாகனம் ஓடும் சாலையை ஒட்டியிருந்தால் 1 மீட்டர்தான். நடைபாதையும் சாலையின் ஒரு பகுதியே. மூலை வீட்டுக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டு வேலி தெருவைத் தொட்டுக்கொண்டு போனால், அது உங்களுக்குப் பின் தோட்டமாகத் தெரிந்தாலும் கவுன்சிலுக்குச் சாலையோர வேலிதான். சாலையோரம் ஆறடி வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகே தூண் நடுங்கள்.

6. பேனல் உயரத்தோடு அடிப்பலகையையும் கூட்டுங்கள்.
கடையில் ஆறடிப் பேனல் என்று வாங்குவது 183 சென்டிமீட்டர். அதன் கீழே மண் படாமல் வைக்கும் கான்கிரீட் கிராவல் போர்ட் ஓரடி என்றால் 30 சென்டிமீட்டர் கூடும். மொத்தம் 213. அனுமதித்த உயரத்தை 13 சென்டிமீட்டர் தாண்டிவிட்டீர்கள்! அதே கிராவல் போர்டை அரையடியில், அதாவது 15 சென்டிமீட்டரில் வாங்கினால் மொத்தம் 198. இரண்டு சென்டிமீட்டர் மிச்சத்தோடு விதிக்குள் நிற்கலாம். மேலே டிரெல்லிஸ் வைத்தால் அதையும் வேலி உயரத்தில் சேர்த்தே கவுன்சில் பார்க்கும். கடைக்குப் போகும் முன் தாளில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

7. உங்கள் வீட்டுக்குத் தனி விதி இருக்கிறதா என்று பாருங்கள்.
வரலாற்றுச் சிறப்புக்காகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால், அல்லது பக்கத்து வீடு அப்படியானது என்றால், மேலே சொன்ன 2 மீட்டர் சலுகை அந்த வேலிக்குக் கிடையாது. புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் முன்பக்கம் வேலியே போடக்கூடாது என்று பிளானிங் நிபந்தனையிலோ பத்திரத்திலோ எழுதியிருப்பது சாதாரணம். இவை இரண்டும் வேறு வேறு பூட்டுகள். கவுன்சில் சரி என்றாலும் பத்திரம் தடுக்கலாம். பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு இருந்தால், உயரமான பழைய மதிலை இடிக்கவும் அனுமதி கேட்க நேரலாம்.

8. "நான்கு வருடம் போனால் ஒன்றும் செய்ய முடியாது" என்பது பழைய கதை.
அனுமதியில்லாமல் உயர்த்திய வேலி மீது கவுன்சில் நான்கு வருடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் அது 10 வருடம். அந்த நாளுக்கு முன்பே முடிந்த வேலைகளுக்குத்தான் பழைய கணக்கு. சொந்தக்காரர் யாராவது பழைய அனுபவத்தில் யோசனை சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

9. பழுது பார்ப்பது வேறு, புதிதாக நடுவது வேறு.
2 மீட்டரைத் தாண்டிய பழைய வேலி நெடுங்காலமாக நிற்கிறது என்றால், அதன் உயரத்தைக் கூட்டாமல் பழுது பார்க்கலாம். அடியோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக நடப் போகிறீர்கள் என்றால், பழைய உயரம் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கவுன்சிலின் பிளானிங் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

போடும்போது

10. தூணும் கான்கிரீட்டும் உங்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.
ஆறடி வேலிக்கு எட்டடித் தூண் வாங்கி இரண்டடியை மண்ணுக்குள் விடுவார்கள். மேலே தூண் நேராக நின்றாலும், குழியில் ஊற்றிய கான்கிரீட் கீழே பரந்து அடுத்த வளவுக்குள் போய்விடும். குழி வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வேலிக்காகக் கையளவு மண்ணை உங்கள் பக்கம் விட்டுக்கொடுப்பது நட்டமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்ததை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் காலப்போக்கில் வேலியே எல்லை என்று ஆகிவிடலாம்.

11. பக்கத்து வீட்டார் வேலியில் ஆணி அடிக்காதீர்கள்.
வேலி அவர்களுடையது என்றால் உங்கள் பக்கம் பார்க்கும் முகமும் அவர்களுடையதே. வர்ணம் பூச, பாகற்கொடிக்குக் கம்பி கட்ட, விளக்குத் தொங்கவிட எல்லாவற்றுக்கும் அவர்களிடம் கேட்க வேண்டும். மண்ணை அணைத்துப் பாத்தி உயர்த்தினால் மரவேலி உளுத்துப்போகும், பழி உங்கள் மேல் வரும். கொடி வளர்க்க ஆசையா? உங்கள் நிலத்தில் ஒரு சாண் உள்ளே தனிக் கம்பு நட்டுக்கொள்ளுங்கள்.

12. செங்கல் மதில் என்றால் நோட்டீஸ் கொடுங்கள்.
மரவேலிக்கு 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டம் பொருந்தாது. எல்லைக்கோட்டில் செங்கல் மதில் எழுப்புவதென்றால் பொருந்தும். வேலை தொடங்க ஒரு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து மதில் கட்ட அவர்கள் சம்மதம் வேண்டும். சம்மதிக்கவில்லையென்றால் மதில் முழுவதும் உங்கள் நிலத்திலேயே நிற்க வேண்டும்.

13. மதில் மேல் கண்ணாடித் துண்டு வேண்டாம்.
ஊரில் மதில் உச்சியில் போத்தல் ஓடு பதிப்பது சாதாரணம். இங்கே அதில் யாருக்காவது காயம் பட்டால், ஏறியவர் திருடனாக இருந்தாலும், வழக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். சாலையோரம் போவோருக்கு ஆபத்தாக முள்கம்பி இருந்தால் எடுக்கச் சொல்லும் அதிகாரம் நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கு உண்டு. காவல் வேண்டுமென்றால் வேலியோரம் முட்செடி நடுங்கள்.

மரமும் செடியும்

14. கிளை உங்கள் பக்கம் வந்தால் எல்லை வரைக்கும்தான் வெட்டலாம்.
பக்கத்து வீட்டு மரக்கிளை உங்கள் வளவுக்கு மேல் வந்தால் எல்லைக்கோடு வரை வெட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர்கள் நிலத்துக்குள் கால் வைக்கக்கூடாது, மரம் பட்டுப்போகும்படி வெட்டக்கூடாது. வெட்டிய கிளையும் அதில் தொங்கும் ஆப்பிளும் மரத்துக்காரருக்கே சொந்தம். "எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்காமல் வேலிக்கு மேலாக வீசிவிடாதீர்கள். கத்தி எடுக்கும் முன் அது பாதுகாக்கப்பட்ட மரமா என்று கவுன்சிலிடம் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் 7.5 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள மரம் என்றால், ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். பெரிய பற்றை வெட்டுவதை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவிர்த்துவிடுங்கள். அது பறவைகள் கூடு கட்டும் காலம். குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம்.

15. லேலண்டி வேலி வெயிலை மறைத்தால் வழி இருக்கிறது.
செடிவேலி நடப் பிளானிங் அனுமதி தேவையில்லை. அதனால் மறைப்புக்காகப் பலர் லேலண்டி நட்டுவிடுகிறார்கள். நட்ட சில வருடங்களில் அது வீட்டுக் கூரையை எட்டிவிடும். எப்போதும் பச்சையாக நிற்கும் மரங்கள் இரண்டோ அதற்கு மேலோ வரிசையாக நின்று, 2 மீட்டருக்கு மேல் போய், உங்கள் வெளிச்சத்தை மறைத்தால் கவுன்சிலிடம் முறையிடலாம். 2005 ஜூன் முதல் இங்கிலாந்தில் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். கவுன்சில் இதற்குக் கட்டணம் வாங்கும். நீங்கள் முதலில் நேரில் பேசித் தீர்க்க முயன்றதற்கு அத்தாட்சியும் கேட்கும். பேசிய நாள், அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பேச்சும் காகிதமும்

16. முதலில் வாய்ப்பேச்சு, அடுத்து ஒரு தாள்.
கடிதத்தில் தொடங்கினால் பதிலும் கடிதமாக வரும், மூன்றாவது கடிதம் சொலிசிட்டரிடமிருந்து வரும். அதனால் தேநீர் நேரம் பார்த்துப் போய்ப் பேசுங்கள். "வேலியை மாற்றலாம் என்று நினைக்கிறோம். உங்களுக்கு எப்படி வசதி?" என்று தொடங்குங்கள். "இது எங்கள் நிலம்" என்று தொடங்காதீர்கள். வேலியின் இடம், உயரம், யார் பணம் தருவது, இனி யார் பராமரிப்பது, வேலைக்காரர் எந்த நாள் அவர்கள் பக்கம் வருவார்கள் என்ற ஐந்தையும் பேசி முடித்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இந்த உடன்பாட்டை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவு செய்து வைக்கவும் முடியும். உங்கள் வேலியைப் பழுது பார்க்க அவர்கள் பக்கம் போக விடாமல் தடுத்தால், பக்கத்து நிலத்துக்குள் போவது பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். அது இருப்பதைப் பாதுகாக்கும் வேலைக்கு மட்டும். புதிதாகக் கட்ட உதவாது.

17. மனத்தாங்கலை வளரவிடாதீர்கள், மௌனமாகவும் இருக்காதீர்கள்.
வேலி கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் நகர்வதாகத் தோன்றினால், நல்ல முறையில் அன்றே சொல்லுங்கள். எல்லையோரத் துண்டு தம்முடையது என்று நியாயமாக நம்பிப் பத்து வருடம் வைத்திருந்தவர் அதைத் தம் பெயருக்குக் கேட்க இன்றைய சட்டத்தில் இடம் உண்டு. எல்லைத் தகராறு சிவில் விவகாரம், போலீஸ் வந்து கோடு போடாது. பேச்சு முறிந்தால் இருவரும் சேர்ந்து ஒரே சர்வேயரை அமர்த்துங்கள். ஆளுக்கொரு சர்வேயர் என்றால் ஆளுக்கொரு கோடு வரும். பத்து மில்லிமீட்டர் துல்லியத்தோடு வரைந்த படத்தை வைத்து எல்லையை நிலையாகப் பதியும் வழியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. அடுத்தது மத்தியஸ்தம். நீதிமன்றம் கடைசி. எல்லை வழக்குகளில் ஆத்திரம் மிகுந்து, நிலத்தின் மதிப்புக்குப் பொருந்தாத பணம் கரைகிறது என்று பிரபுக்கள் சபையின் நீதிபதி ஹாஃப்மன் பிரபு 1999இல் ஒரு தீர்ப்பிலேயே வருந்தி எழுதினார். வழக்கில் தோற்றவர் பெரும்பாலும் எதிராளியின் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

18. விற்கும் நாளை இன்றே நினையுங்கள்.
வீடு விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவத்தில் எல்லைக்கு ஒரு பகுதி உண்டு, அயலவரோடு தகராறு இருந்ததா என்று கேட்கவும் ஒரு பகுதி உண்டு. இருந்ததை மறைத்தால் வாங்கியவர் பின்னால் நட்டஈடு கேட்கலாம். உள்ளதைச் சொன்னால் வாங்க வந்தவர் திரும்பிப் போகலாம். ஒரு சாண் மண்ணுக்காக எழுதிய கோபக் கடிதம், வீட்டின் விலையையே இறக்கிவிடும்.

எங்கள் வேலிக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது 'டி' குறி அந்த அம்மாவின் பக்கம் இருந்தது, வாசகமும் அப்படியே சொன்னது. அதாவது பதினொரு வருடமாக நாங்கள் வர்ணம் பூசி, அவரைக்கொடி ஏற்றியது அவருடைய வேலியில். சொன்னேன். "அவரைப் பூ அழகாகத்தானே இருந்தது" என்றார். வேலிக்குப் புயல் சேதம் கிடையாது என்று அவருடைய காப்புறுதி கைவிரித்துவிட்டது. பல காப்புறுதிகளில் அப்படித்தான் இருக்கிறது, உங்களுடையதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓய்வூதியத்தில் வாழும் அவரிடம் "உங்கள் வேலி, நீங்கள்தான் போட வேண்டும்" என்று சட்டம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. வேலி இருந்தே தீர வேண்டும் என்று பொதுவாகச் சட்டமும் இல்லை. பாதிச் செலவு எங்களுடையது என்றோம். அரையடிக் கிராவல் போர்ட், ஆறடிப் பேனல், பழைய தூண்கள் நின்ற அதே கோடு. கிராவல் போர்ட் ஒன்றில், முள்ளெலி போய்வரப் பதின்மூன்று சென்டிமீட்டரில் சதுரமாக ஒரு வாசல் வைக்கச் சொன்னது அவர். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

போன வருடம் அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும் முன் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசையில் வைத்தார். அயலவரோடு தகராறு உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்துத் தாளின் நகலைப் புதிதாக வரும் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார். அவர்கள் வந்த அன்று மாலையே வேலியோரம் போய் நின்று கொடுத்தேன்.